கடல்பாசிக்கும் கல்வெட்டுக்கும் ஒரே வகுப்பில் ஆங்கிலம்

வாசகர் கேள்வி – பதில்

தொண்டி முதல் சாயல்குடி வரை, கடலோரக் கல்லூரிகளில் படிக்கிறவர்களும் கற்பிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் ஆய்வு ஆங்கிலம் பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கே: முதுகலை மாணவர்களையும் பிஎச்.டி. சேர்ந்தவர்களையும் ஒரே வகுப்பில் வைத்து ‘அகாடமிக் இங்கிலீஷ்’ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் இரண்டு மணி நேரம், ஒரு செமஸ்டர். கடல் உயிரியல், வரலாறு, வணிகவியல், கணினி அறிவியல், தமிழ் எல்லாம் கலந்து இருக்கிறார்கள். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். அவர்கள் பாடம் எனக்குத் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிக்க? – ஆங்கிலப் பேராசிரியை, ராமநாதபுரம்

ப: அவர்கள் பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அம்மா. அது அவர்களுக்குத் தெரியும். ஒரு பத்தி எதற்காக அந்த இடத்தில் நிற்கிறது, ஒரு வாக்கியம் முந்தைய வாக்கியத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் நீங்கள். இந்த இரண்டு அறிவும் சேரும் இடம்தான் இந்த வகுப்பு. ஆகவே முதல் நாளே டென்ஸ், ஆர்ட்டிகிள், பிரிப்பொசிஷன் என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். பள்ளியிலிருந்து கேட்டுவரும் பாடம் அது. தன் கட்டுரையில் எங்கே தேவைப்படுகிறது என்று தெரியாதவரை இன்னொரு முறை கேட்டும் பயனில்லை.

முதல் வகுப்பில் ஒரே ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வொருவரும் தம் துறையில், தாம் ஒருநாள் எழுத நினைக்கும் இதழ்களிலிருந்து, கடந்த ஐந்தாண்டில் வந்த ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்து வரவேண்டும். வழக்கமாக இங்கே மூன்று தவறு நடக்கும். சிலர் ரிவ்யூ கட்டுரையைக் கொண்டுவருவார்கள். அதன் கட்டமைப்பே வேறு. சிலர் சீனியருடைய தீசிஸைக் கொண்டுவருவார்கள். அதிலுள்ள பிழையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இன்னும் சிலர், பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுவிடும் இதழிலிருந்து எடுப்பார்கள். அந்த ஆங்கிலத்தை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். ஐந்தையும் தங்கள் நெறியாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கி வரச் சொல்லிவிட்டால் மூன்றும் தீர்ந்துவிடும். செமஸ்டர் முழுவதும் அவரவருக்கு அந்த ஐந்து கட்டுரைகள்தான் பாடநூல்.

இரண்டாம் வாரம் முன்னுரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வு முன்னுரைகள் எப்படி நகர்கின்றன என்று மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-ல் வகுத்துச் சொன்னது இன்றும் கைகொடுக்கிறது. முதலில் களத்தைக் காட்டுவது, அடுத்து அந்தக் களத்தில் உள்ள இடைவெளியைக் காட்டுவது, பிறகு தன் ஆய்வை அந்த இடைவெளியில் நிறுத்துவது என்று மூன்று நகர்வுகள். மூன்று வண்ணப் பென்சில்களைக் கொடுத்து ஐந்து முன்னுரைகளிலும் மாணவர்களையே நிறம் தீட்டச் சொல்லுங்கள். பிறகு துறைவாரியாகப் பலகையில் எழுதுங்கள்.

அப்போது தெரியவரும் வேறுபாடுகள்தான் உங்கள் பாடத்திட்டம். கடல் உயிரியலில் இடைவெளி பெரும்பாலும் ‘லிட்டில் இஸ் நோன்’, ‘ரிமெய்ன்ஸ் அன்கிளியர்’ என்று அடக்கமாக வரும். கணினிக் கட்டுரைகளில் ‘வீ ப்ரொபோஸ்’ என்று நேரடியாக இறங்குவார்கள். முன்னுரை முடிவில் தங்கள் பங்களிப்புகளைப் புள்ளி வைத்து வரிசைப்படுத்துவார்கள். முந்தைய ஆய்வுகளுக்குத் தனிப் பகுதி இருக்கும். வணிகவியலில் முந்தைய ஆய்வுகளை அலசி, அதிலிருந்து எச்1, எச்2 என்று எண்ணிட்ட கருதுகோள்களுக்குப் போவது வழக்கம். வரலாற்றிலோ இடைவெளி என்பது பல நேரம் ஒரு கருத்து வேறுபாடு: ‘இந்தச் சான்றை இதுவரை இப்படி வாசித்தார்கள், அது போதாது’ என்பது. ஒரே நகர்வு, நான்கு உடை. இதைக் கண்ணால் பார்த்துவிட்ட மாணவர், அடுத்த துறைக்காரர் எழுதியதைப் பார்த்துத் தன்னுடையது தவறோ என்று குழம்ப மாட்டார்.

ஒரு உதாரணம். கடல்பாசி ஆய்வு செய்கிறவரின் முதல் வரைவு பெரும்பாலும் ‘சீவீட் ப்ளேஸ் எ வைட்டல் ரோல் இன் ஹியூமன் லைஃப். நவடேஸ் மெனி ரிசர்ச்சஸ் ஆர் கோயிங் ஆன்’ என்று தொடங்கும். இதில் இலக்கணத்தைத் திருத்தினால் ‘ரிசர்ச்சஸ்’ போகும். வெறுமை அப்படியே இருக்கும். மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பாசி, எங்கே? (பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாஃபைகஸ்.) அதைப் பற்றி எது இன்னும் தெரியவில்லை? (வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதன் வளர்ச்சி எவ்வளவு குறைகிறது, ஏன்.) நீ என்ன அளந்தாய்? (45 நாள் வளர்ப்புச் சுற்றில் தினசரி வளர்ச்சி வீதம், நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை.) பதிலைத் தமிழிலேயே சொல்லட்டும், நீங்கள் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பதிலும் மூன்று நகர்வு. அதன் பிறகு ஆங்கில வாக்கியம் அமைப்பது அரை மணி நேர வேலை.

‘இந்த ஆய்வு ராமநாதபுரம் மாவட்டத்தில் இதுவரை செய்யப்படவில்லை’ என்பதை இடைவெளியாக எழுதுகிறவர்கள் மிக அதிகம். அது மட்டும் போதாது. செய்யப்படாததால் என்ன குறை என்று மதிப்பீட்டாளர் கேட்பார். அதற்கு இந்தக் கடற்கரையே பதில் வைத்திருக்கிறது. வடகடலாகிய பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. வடகிழக்குப் பருவத்தில் கொந்தளிக்கும். தென்கடலாகிய மன்னார் வளைகுடா தென்மேற்குப் பருவத்தில் கொந்தளிக்கும். ஒன்றில் கண்ட முடிவை மற்றதற்கு அப்படியே பொருத்த முடியாது. காரணத்தோடு இடத்தைச் சொன்னால் அது இடைவெளி. இல்லாவிட்டால் வெறும் முகவரி.

மீதி வாரங்கள்: ஐந்தாம் வாரம் வரை முன்னுரையை எழுதித் திருத்துவது. அடுத்த இரண்டு வாரம் அறிவியல் மாணவருக்கு முறையும் முடிவும், வரலாற்று மாணவருக்குச் சான்றைக் கையாளுதல். பிறகு மேற்கோளும் மறுகூற்றும் (பிறர் கருத்தை நம் சொல்லில் சொல்வது) இரண்டு வாரம், விவாதப் பகுதி இரண்டு வாரம், சுருக்கம் ஒரு வாரம், கடைசியில் மேடைப் பேச்சு. தமிழ்த்துறை மாணவர்கள் கட்டுரையைத் தமிழில் எழுதுகிறவர்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது 200 முதல் 250 சொல்லில் ஒரு ஆங்கிலச் சுருக்கம். எல்லாரையும் ஒரே தேர்வுத்தாளில் அடைக்க முயலாமல் அவர்களை அதை வைத்தே மதிப்பிடுங்கள்.

கே: மெத்தட்ஸ் பகுதியை எந்தக் காலத்தில் எழுத வேண்டும்? ‘வீ’ போடலாமா, கூடாதா? நெறியாளர் ஒன்று சொல்கிறார், இதழ் வேறு சொல்கிறது. – ஆய்வு மாணவி, மண்டபம்

ப: இதழ் சொல்வதுதான் முடிவு. நீங்கள் அனுப்பப்போகும் இதழின் அண்மைக் கட்டுரைகள் ஐந்தை எடுத்து முறைப் பகுதியில் ‘வீ’ வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். வந்தால் எழுதலாம். நெறியாளரிடமும் அந்தக் கட்டுரைகளைக் காட்டிப் பேசினால் பேச்சு சுலபமாக முடியும்.

காலத்துக்கு வழி எளிது. நீங்கள் செய்தது, கண்டது எல்லாம் இறந்தகாலம்: ‘வாட்டர் சாம்பிள்ஸ் வேர் கலெக்டட் ஃப்ரம் த்ரீ ஸ்டேஷன்ஸ்’. அட்டவணையும் படமும் இப்போதும் தாளில் இருக்கின்றன, ஆகவே நிகழ்காலம்: ‘டேபிள் 2 ஷோஸ்’. பொதுவாக நிலைபெற்ற உண்மையும் நிகழ்காலம். இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும்போது ‘ஹேவ் பீன் ஸ்டடீட்’. நம்மவர்கள் வழுக்கும் இடம் ‘ஹேட் பீன் கலெக்டட்’. ‘சேகரிக்கப்பட்டிருந்தன’ என்று மனதில் ஓடுவது அப்படியே ஆங்கிலத்தில் இறங்கிவிடுகிறது. இறந்தகாலத்தில் நடந்த ஒன்றுக்கும் முன்னால் நடந்ததைக் காட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால் தவிர ‘ஹேட்’ வேண்டாம்.

முறைப் பகுதிக்கு ஒரே சோதனை: அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் உங்கள் வேலையைத் திரும்பச் செய்ய முடியுமா? ‘பாம்பூ ராஃப்ட்ஸ் வேர் யூஸ்ட்’ என்றால் முடியாது. மிதவை 12 அடிக்கு 12 அடியா, எத்தனை கயிறு, தொடக்கத்தில் கட்டிய பாசியின் எடை என்ன, எத்தனை நாள் கழித்து அறுவடை, எடை பார்க்கும்முன் நீரை எப்படி வடித்தீர்கள்: இவை வேண்டும். அடிக்கணக்கை மீட்டருக்கு மாற்றி எழுதுங்கள். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஒரு இடைவெளி விடுங்கள்.

செயப்பாட்டு வினையைவிட்டு ‘வீ’க்கு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘ஆஃப்டர் ட்ரையிங் இன் த ஷேட், வீ வெய்ட் த சீவீட்’ என்று எழுதினால், இலக்கணப்படி நிழலில் காய்ந்தவர்கள் நீங்கள். ‘வீ ட்ரைட் த சீவீட் இன் த ஷேட் அண்ட் தென் வெய்ட் இட்’ என்று நேராக எழுதுங்கள்.

அறிவியல் பெயரை முதல்முறை முழுதாக, சாய்வெழுத்தில், பேரினத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுத வேண்டும். கிராசிலேரியா எடுலிஸ் என்று ஒருமுறை சொன்னபின் பேரினத்தை ஓரெழுத்தாகச் சுருக்கலாம். வாக்கியம் அந்தப் பெயரில் தொடங்கினால் மறுபடி முழுதாக எழுதுவது வழக்கம். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி போன்ற உள்ளூர்ப் பெயர்களை முதல்முறை மட்டும் பக்கத்தில் தந்தால் போதும். அப்படித் தருவது நல்லது என்பது எங்கள் கருத்து. இந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்களிடம் நாளை வேறொருவர் ஆய்வுக்கு வரும்போது அந்தப் பெயர்தான் வழிகாட்டும்.

கே: நான் வரலாறு. ஆய்வு ஆங்கில வகுப்பில் முன்னுரை, முறை, முடிவு, விவாதம் என்று நான்கு பெட்டி போட்டுத் தருகிறார்கள். என் கட்டுரை அதில் அடங்க மறுக்கிறது. – முதுகலை மாணவர், தொண்டி

ப: அடங்க வேண்டியதில்லை. அந்த நான்கு பெட்டி சோதனை செய்து அளக்கும் துறைகளுக்காக வளர்ந்தது. வரலாற்றுக் கட்டுரை ஒரு வாதத்தைச் சுமந்து நடக்கிறது. சான்று, அதன் வாசிப்பு, எதிர்வாசிப்பு மூன்றும் ஒவ்வொரு பத்தியிலும் பின்னிவரும். பகுதித் தலைப்புகளைப் பொருளிலிருந்து எடுங்கள். ஆனால் முன்னுரையின் கடைசிப் பத்திக்குள் உங்கள் வாதம் ஒரே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். ‘திஸ் பேப்பர் டீல்ஸ் வித்’ என்று தொடங்கும் வாக்கியம் தலைப்பைத்தான் திரும்பச் சொல்லும். ‘ஐ ஆர்க்யூ தட்’ என்று தொடங்கிப் பாருங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் வாக்கியமே நின்றுவிடும். வரலாற்றில் ‘ஐ’ எழுதுவது பிழையில்லை.

அடுத்தவர் கருத்தைச் சொல்லும் வினைகளிலும் துறைக்குத் துறை வேறுபாடு உண்டு. அறிவியலில் ‘ஃபவுண்ட்’, ‘ரிப்போர்ட்டட்’, ‘ஷோட்’ அதிகம். வரலாறு போன்ற கலைத்துறைகளில் ‘ஆர்க்யூஸ்’, ‘சஜெஸ்ட்ஸ்’, ‘கன்டெண்ட்ஸ்’ அதிகம், அதுவும் நிகழ்காலத்தில். எல்லாருக்கும் ‘ஸ்டேட்டட்’ என்றே போட்டுக்கொண்டு போனால் யார் சான்று காட்டினார், யார் ஊகித்தார் என்று வாசகருக்குத் தெரியாமல் போகும்.

உறுதியின் அளவையும் சான்றின் அளவோடு பொருத்துங்கள். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது ரோமானியக் காசுகளும் ரௌலெட்டட் (வட்டவட்டமாக நுண்கோலம் பதித்த) மட்கல ஓடுகளும் கிடைத்தன. இதை வைத்துக் கடல்வழி வணிகத் தொடர்பை ‘இண்டிகேட்’ செய்கிறது எனலாம். ரோமானியர் இங்கே குடியிருந்தனர் என்று ‘ப்ரூவ்ஸ்’ போட்டால் காசு தாங்காத பாரத்தை அதன் தலையில் ஏற்றுகிறீர்கள். மறுபக்கம், ‘மே பாஸிப்ளி சஜெஸ்ட்’ என்று மூன்று தயக்கத்தை அடுக்கினால் வாதமே கரைந்துவிடும். ஒரு கூற்றுக்கு ஒரு தயக்கச் சொல் போதும்.

கல்வெட்டு, ஓலை, செப்பேடு என்று தமிழ் மூலத்தை மேற்கோள் காட்டும்போது ஒலிபெயர்ப்பு முறை ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாதீர்கள்; சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறை பரவலாக ஏற்கப்படுவது. மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றால் அடிக்குறிப்பில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கே: என் தீசிஸ் அத்தியாயத்துக்கு, நகல் சோதிக்கும் மென்பொருள் 34 விழுக்காடு ஒப்புமை காட்டுகிறது. நான் காப்பி அடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேற்கோள் கொடுத்திருக்கிறேன். சொற்களை மாற்றிக்கொண்டே இருக்கிறேன், குறையவில்லை. – வணிகவியல் ஆய்வாளர், கீழக்கரை

ப: பதற்றப்பட வேண்டாம், முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை நடவடிக்கை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். உரிய மேற்கோள் குறியோடும் ஆதாரத்தோடும் தந்த பகுதிகள், நூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை (ப்ரிஃபேஸ்), நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான சமன்பாடுகள் கணக்கில் சேரா. தற்செயலாகவோ பொது அறிவாகவோ ஒத்துவரும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரையிலும் அப்படியே. மென்பொருளில் இந்த விலக்குகளை அமைத்து மறுபடி ஓட்டச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள். அதிலேயே ஒரு பகுதி குறையலாம்.

மீதியைச் சொல் மாற்றிக் குறைக்க முடியாது. பெயருக்கும் ஆண்டுக்கும் மேற்கோள் கொடுத்துவிட்டு, வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்து, ‘இம்பார்ட்டண்ட்’டை ‘சிக்னிஃபிகன்ட்’ ஆக்குவது மறுகூற்று ஆகாது. மென்பொருளும் அந்தக் கட்டமைப்பைப் பிடித்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, மாற்றக்கூடாத சொல்லை மாற்றிவிடுவது. ‘வொர்க்கிங் கேபிடல்’ என்பதை ‘ஃபங்ஷனிங் மணி’ என்று எழுதினால் ஒப்புமை குறையும், பொருள் போய்விடும். கலைச்சொல்லைத் தொடாதீர்கள்.

வேலை செய்கிற வழி இது. மூலப் பத்தியை இரண்டு முறை வாசியுங்கள். தாளைக் கவிழ்த்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் அல்லது செல்பேசிப் பதிவில் அதைத் தமிழில் சொல்லுங்கள்: இவர் என்ன கண்டார், எதை வைத்து, என் ஆய்வுக்கு இது எதற்கு. நீங்கள் பேசிய அந்தத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகுதான் மூலத்தைத் திறந்து எண்களும் பெயர்களும் சரியா என்று பார்க்க வேண்டும். ‘என் ஆய்வுக்கு இது எதற்கு’ என்ற கேள்வி மிக முக்கியம். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பத்தியே அத்தியாயத்தில் வேண்டாம். ஒப்புமை அதிகமுள்ள ‘லிட்டரேச்சர் ரிவ்யூ’க்களில் (முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதிகளில்) ஒரு கட்டுரைக்கு ஒரு பத்தி என்று வரிசையாக நிற்கும். முண்டு மிளகாய் வணிகர்களின் கடன் பழக்கம் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், கடன் மூலம், வட்டி, திருப்பிச் செலுத்தல் என்று பொருள்வாரியாக அடுக்கி, ஒரே பத்தியில் மூன்று நான்கு பேரை எதிரெதிரே நிறுத்துங்கள். ஒப்பிடும் வாக்கியம் உங்கள் சொந்த வாக்கியம். அது யாருடைய பக்கத்திலும் இருக்காது.

தமிழ்க் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஆதாரம் காட்டாமல் விட்டால் மென்பொருள் பிடிக்காமல் போகலாம். அதுவும் கருத்துத் திருட்டுதான்.

கே: ‘எ’, ‘த’ இரண்டும் எப்போது வரும் என்று கடைசிவரை பிடிபடவில்லை. – ஆய்வு மாணவர், ராமேஸ்வரம்

ப: பெயர்ச்சொல் ஒவ்வொன்றிலும் இந்த வரிசையில் கேளுங்கள். எது என்று வாசகருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரிந்தால் ‘த’. தெரியாது, எண்ணக்கூடியது, ஒன்றே ஒன்று என்றால் ‘எ’. பன்மையோ எண்ண முடியாததோ என்றால் ஒன்றும் வேண்டாம். எண்ண முடியாதவற்றை மனப்பாடமே செய்துவிடுங்கள்: ரிசர்ச், எக்விப்மென்ட், லிட்டரேச்சர், எவிடன்ஸ், இன்ஃபர்மேஷன், சாஃப்ட்வேர். இவற்றுக்குப் பின்னால் ‘ஸ்’ போடக்கூடாது. முன்னால் ‘எ’யும் கூடாது. ‘எ ரிசர்ச்’ வேண்டிய இடத்தில் ‘எ ஸ்டடி’ எழுதுங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கப் பெயர்களுக்கு: ‘த கல்ஃப் ஆஃப் மன்னார்’, ‘த பே ஆஃப் பெங்கால்’, ‘த வைகை’ என்று ‘த’ வரும். ‘பாக் பே’, ‘ராமேஸ்வரம் ஐலண்ட்’, ‘ராமநாதபுரம் டிஸ்ட்ரிக்ட்’ எதற்கும் வராது.

கே: எந்தச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தால் ஆய்வுக் கட்டுரை வாசிக்க எளிதாகும்? – முதுகலை மாணவி, தங்கச்சிமடம்

ப: நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட பட்டியல் நல்ல தொடக்கம். சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல், கட்டுரைத் தொகுப்பிலிருந்து பொறுக்கிய 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேர்ச்சொல்லின் பல வடிவங்கள் சேர்ந்தது ஒரு குடும்பம்). கல்விசார் எழுத்தில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இவை அடைத்துக்கொள்கின்றன. பத்துத் துணைப் பட்டியல்களில் முதல் மூன்றை முடியுங்கள்.

தனிச்சொல்லாகக் கற்காதீர்கள். ‘கல்ச்சர்’ கடல் உயிரியல் மாணவிக்கு வளர்ப்பு. பக்கத்து இருக்கை வரலாற்று மாணவிக்குப் பண்பாடு. ‘ஸ்டாக்’ மீன்வளத்தில் ஒன்று, வணிகவியலில் வேறு. லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கிய ‘ஆன்ட்காங்க்’ என்ற இலவச மென்பொருளை இறக்கி, உங்கள் துறைக் கட்டுரைகள் முப்பதை வெற்றெழுத்துக் (.txt) கோப்புகளாக மாற்றி உள்ளே போடுங்கள். ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் வரிகளெல்லாம் அடுக்காக வந்து நிற்கும். முன்னும் பின்னும் எந்தச் சொல் கூடவே வருகிறது என்று பார்த்து, அந்தச் சேர்க்கையோடு குறித்துக்கொள்ளுங்கள். நூற்பட்டியலை வெட்டிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் இதழ்ப் பெயர்களே முன்னால் வந்து குவியும்.

கே: ஏ.ஐ. செயலியில் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளலாமா? – ஏர்வாடி

ப: நீங்கள் எழுதிய பத்தியின் இலக்கணத்தைத் திருத்தக் கேட்கலாம், இதழின் விதி அனுமதிக்கும் அளவுக்கு, அது கேட்கும் இடத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு. திருத்தி வந்ததை வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிடுங்கள். ‘மே’ காணாமல் போயிருக்கும். ‘அசோசியேட்டட் வித்’ இருந்த இடத்தில் ‘காஸ்ட் பை’ வந்திருக்கும். அதோடு உங்கள் முடிவே மாறிவிடும். ஆதாரக் கட்டுரைகளைத் தேடித்தரச் சொல்லாதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் கொடுத்துவிடும்.

கே: மாநாட்டில் பத்து நிமிடம் பேச வேண்டும். எழுதியதைப் பார்த்து வாசித்துவிடலாமா? – பாம்பன்

ப: வேண்டாம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 110 சொல் போகும்; 1,000 சொல்லுக்கு மேல் தயாரிக்காதீர்கள். ஸ்லைடு எட்டுப் போதும். முதல் அரை நிமிடத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்; நடுக்கம் அதற்குள் அடங்கிவிடும். முறைக்கு ஒரு ஸ்லைடுக்கு மேல் கொடுத்தால் முடிவுக்கு நேரம் இருக்காது. பெரும்பாலான பேச்சுகள் அங்கேதான் மூச்சுவாங்குகின்றன.

உச்சரிப்பில் எல்லாவற்றையும் மாற்ற முயலாமல் அழுத்தத்தை மட்டும் சரிசெய்யுங்கள். ‘ஷன்’ என்று முடியும் சொல்லில் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம். ‘இக்’ என்று முடிந்தாலும் பெரும்பாலும் அப்படியே. ‘லஜி’ என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில். ‘ஃபிஷ்’ஷின் முடிவில் உகரமும் ‘ஸ்டேஷ’னுக்கு முன் இகரமும் சேராமல் பாருங்கள். ‘பாக் பே’யில் இரண்டு சொல்லின் தொடக்கத்திலும் வரும் ப வேறு வேறு: முதல் சொல்லில் உதட்டிலிருந்து காற்று வெடிக்க வேண்டும், இரண்டாவதில் தொண்டை அதிர வேண்டும். செல்பேசியில் பதிவுசெய்து ஒருமுறை கேட்டால் எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி புரியவில்லை என்றால், ‘ஆர் யூ ஆஸ்கிங் அபவுட் த சீசன் ஆர் த சைட்?’ என்று இரண்டில் எது எனக் கேளுங்கள். ‘அவர் டேட்டா டு நாட் கவர் தட்’ என்பதும் மரியாதையான, முழுமையான பதில்.

கே: நான் நெறியாளர். மாணவர் வரைவை வரிக்கு வரி சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். அடுத்த வரைவிலும் அதே பிழைகள். என்ன செய்வது, ஐயா? – பேராசிரியர், தேவிபட்டினம்

ப: நீங்கள் திருத்தியதை அவர் தட்டச்சு செய்துவிட்டார், பிழையைக் கண்டுபிடிக்கும் வேலை உங்களிடமே தங்கிவிட்டது. உங்கள் உழைப்பு வீணாகாதபடி வரிசையை மாற்றிப் பாருங்கள்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். மாணவரையே ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்து ஓரத்தில் அதன் சாரத்தைத் தமிழில் ஒரே வரியில் எழுதி வரச் சொல்லுங்கள். ஒரு வரியில் எழுத முடியாத பத்தியில் இரண்டு விஷயம் கலந்திருக்கும். ஓரத்து வரிகளை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தால் வாதம் எங்கே அறுந்திருக்கிறது என்று இருவருக்குமே தெரியும். இதற்கு ஆங்கிலமே தேவையில்லை. தமிழ்வழியில் படித்துவந்த மாணவர்கள் இங்கே தலைநிமிர்ந்து பேசுவார்கள். வெட்டவேண்டிய பத்தியில் ஆர்ட்டிகிளைத் திருத்தி நேரத்தைச் செலவிடுவதும் இதனால் நிற்கும்.

அமைப்பு சரியான பிறகு வாக்கியத்துக்கு வாருங்கள். முதல் பக்கத்தை மட்டும் நெருக்கமாகப் பாருங்கள், அதிலும் இரண்டு வகைப் பிழைகளை மட்டும். காலப்பிழைக்கு வட்டம், ஆர்ட்டிகிளுக்கு முக்கோணம் என்று குறியிடுங்கள். சரியான வடிவத்தை நீங்கள் எழுதாதீர்கள். முதல் பக்கத்தை அவர் திருத்தி, அதே இரண்டு வகையை மீதிப் பக்கங்களில் தாமே தேடிக் குறியிட்டுக் கொண்டுவர வேண்டும். அடுத்த வரைவில் வேறு இரண்டு வகை. பிரிப்பொசிஷனைக் கடைசிக்கு வையுங்கள். அது விதியால் வருவதைவிட வாசிப்பால் வருவது.

ஒரு பக்கத்திலாவது நன்றாக அமைந்த வாக்கியம் ஒன்றுக்கு அடிக்கோடிட்டு, ஏன் நன்று என்று எழுதுங்கள்: ‘முடிவை முதலில் சொல்லி எண்ணைப் பின்னால் வைத்திருக்கிறாய்’ என்பதுபோல. எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிய அது ஒன்றுதான் வழி. வரைவைத் திருப்பித் தரும்போது மேலே மூன்று கேள்விக்கு மேல் எழுதாதீர்கள். அந்த மூன்றுக்கும் பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து வந்தால்தான் அடுத்த வரைவை வாங்கிக்கொள்ளுங்கள்.